ஆறு மணிச் சங்கு

உங்கள் ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் கொஞ்சம் பிந்தி ஓடுகிறது, சார். குறையாகச் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டு வரும் கடிகாரம் எல்லாம் அப்படித்தான். ஒரேயடியாக நின்றுவிடாது, நம்மை நம்பவைத்துக்கொண்டே பின்தங்கும். தாளும் பேனாவும் தந்துவிட்டு நீங்கள் வெளியே போனதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் மணி பார்ப்பது என் பழக்கம்.

மலையாளம் எனக்குத் தடங்கலில்லாமல் பேச வரும், எழுத வராது. அதனால்தான் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் ரைட்டர் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். வராந்தா பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஆன்மேரி மேடத்தை, இதைப் படித்து முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கத்தரீனாள் பெரியம்மாவை ஆறு கொண்டுபோனதற்கு அந்தப் பெண் வைத்த கணினிதான் காரணம் என்று மின்நிலையக் கம்பெனி சொல்கிறது. அவர் வைத்ததில் ஒரு பிழையும் இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

என் பெயர் ரிஜின். ஏலப்பாறைக்கு மேலே, எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவன். அப்பனும் அம்மையும் தேயிலைக் கொழுந்து கிள்ளியே வாழ்ந்து முடித்தவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்ததால் எஸ்டேட்டுக்குக் கீழே ஆற்றில் இருக்கும் சின்ன மின்நிலையத்தில் வேலை கிடைத்தது. வேலை என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சங்கு ஊதுவது.

எங்கள் மின்நிலையத்தை இடுக்கியின் பெரிய அணைகளோடு சேர்த்து நினைக்காதீர்கள். மேலே ஒரு தடுப்பணை, அவ்வளவுதான். பகலெல்லாம் தண்ணீரைத் தேக்கிவைத்து, ஊரே விளக்குப் போடும் சாயங்காலத்தில் திறந்துவிட்டுக் கரண்ட் எடுப்பார்கள். திறந்தால், அதுவரை கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடிய ஆறு ஒரே மூச்சில் ஆள் உயரத்துக்கு வரும். பவர்ஹவுஸில் இருக்கும் கணினி ஆறேகாலுக்குத் தண்ணீரைத் திறக்கும். அதற்கு நேரம் சாட்டிலைட்டிலிருந்து வருகிறது, தப்பாது. கீழே ஆற்றங்கரைக் கொட்டகையில் இருக்கும் என் கணினி ஆறு மணிக்குச் சங்கை ஊதும். கால் மணி நேரத்தில் தண்ணீர் வரும், எல்லோரும் கரையேறுங்கள் என்று அதற்கு அர்த்தம். மலையாளத்திலும் தமிழிலும் பலகை எழுதி நட்டிருக்கிறார்கள்.

எங்கள் பெண்கள் அந்தப் பலகையைத் தலைகீழாக வாசித்துக்கொண்டார்கள், சார். அக்கரையில் தேயிலைக் காடு, இக்கரையில் லயம். ஜீப் ரோட்டில் சுற்றிவந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நடை; ஆற்றுக் கற்களில் கால் வைத்து வந்தால் இரண்டு நிமிடம். ஒருமுறை கம்பெனிக்காரர்கள் சங்கு ஊதாமலே சோதனைக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒரு பசு போயிற்று. அன்றிலிருந்து பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். சங்கு ஊதாத நேரத்தில் ஆறு எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. சங்கு ஊதிவிட்டால் கால் மணி நேரத்துக்கு வராது என்பது மட்டும் நிச்சயம். ஆகவே ஊதின பிறகுதான் இறங்குவது. கரையேறச் சொல்லும் சங்கைக் கேட்டு ஆற்றில் இறங்கும் ஜனங்கள் உலகத்திலேயே நாங்கள்தான் இருப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. என் கொட்டகைக்குப் பக்கத்தில் மாதா சிலை வைத்த ஒரு கல்கெபி இருக்கிறது. ஆற்றின் நடுவில் ஒரு தட்டைப் பாறை, கெபிக்கு நேர் எதிரில். எங்கள் டிவிஷனில் கோயில் மணி கிடையாது. அதனால் ஆறு மணிச் சங்குதான் எங்களுக்குக் கோயில் மணி. கொழுந்து எடை போட்டு முடித்து, அக்கரையில் கைகால் கழுவி, சங்கு ஊதியதும் பெண்கள் எல்லோரும் அந்தப் பாறை வரை வந்து, மாதாவைப் பார்த்து முழங்கால் போட்டு அந்தி செபம் சொல்வார்கள். முட்டிப்பாறை என்று அதற்குப் பெயர். செபத்தைத் தொடங்கிவைப்பது கத்தரீனாள் பெரியம்மா. முடித்ததும் மீதிக் கற்களைத் தாண்டி இக்கரை வருவார்கள். தண்ணீர் வரும்போது லயத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். இதை மட்டும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கடிகாரம் இருக்கிறது, சார். ஒன்று திரையில் தெரிவது. மற்றொன்று உள்ளே, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியில், கரண்ட் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருப்பது. கணினி விழிக்கும்போது உள்ளே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திரையில் இருக்கும் கடிகாரம் தன் நேரத்தை வைத்துக்கொள்ளும். என் கணினியில் அந்தப் பொத்தான் பேட்டரி எப்போதோ தளர்ந்துவிட்டது. மின்சாரம் செய்கிற ஊரில்தான் மின்சாரம் அதிகம் போகும். போய் வரும்போதெல்லாம் கணினி கண்டபடி ஒரு நேரத்தைச் சொல்லும். புது பேட்டரி கேட்டு நான் எழுதவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. தினமும் சங்குக்கு முன்னால் என் போனைப் பார்த்து நானே நேரத்தைத் திருத்திவிடுவேன்.

அதுதான் என் வேலை. வெளியே இருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அக்கரையில் பெண்கள் வந்து நின்றதும், கத்தரீனாள் பெரியம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்துவார்.

"ஏ ரிஜினு, நேரம் வச்சாச்சாய்யா?"

நான் கொட்டகை வாசலில் நின்று வலது கையை உயரத் தூக்குவேன். வைத்தாச்சு, நம்பி இறங்கலாம் என்று அர்த்தம். நான் கை தூக்கிய பிறகு சங்கு ஊதினால்தான் அவர் காலைக் கல்லில் வைப்பார். அவர் வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள். அத்தனை பேர் உயிரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பனும் அம்மையும் போய்விட்டார்கள். வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. பகல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கலாம், தப்பில்லை.

இக்கரை ஏறியதும் பெரியம்மா இடுப்புக் கூடையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து எனக்குப் பால் விடாத கட்டன் காப்பி ஊற்றித் தருவார். காட்டுக்குக் கொண்டுபோனதில் ஒரு வாய் எனக்கென்று மிச்சம் வைத்திருப்பார். அந்த ஃபிளாஸ்க்தான் உங்கள் மேசையில் வழக்குக்கான தொண்டிப் பொருளாகச் சீட்டுக் கட்டி வைத்திருப்பது. நெளியக்கூட இல்லை.

ஆன்மேரி மேடம் இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வந்தார். கம்பெனிக்குப் புது இன்ஜினியர். வண்டிப்பெரியாறு பக்கம் எங்களைப் போலவே எஸ்டேட் லயத்தில் வளர்ந்த பெண். மேடம் என்று கூப்பிட்டால், "சும்மா ஆன்மேரின்னே கூப்பிடுங்கண்ணே" என்பார். எனக்கு வாய் வரவில்லை. முதல் நாளே கணினியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவ்ளோ நாளா கையாலயா வச்சிட்டிருந்தீங்க? ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"நான் படுக்கிறதில்ல மேடம்" என்றேன்.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. அன்றே ஏலப்பாறை கடையிலிருந்து புது பேட்டரி வாங்கிப் போட்டார். நெட் இழுத்து, கணினி எந்நேரமும் வெளியே இருக்கும் பெரிய கடிகாரங்களோடு பேசித் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்படி செய்தார். அதோடு நிற்கவில்லை. நெட்டிலிருந்து வந்த சரியான நேரத்தைக் கணினி அவ்வப்போது உள்ளே இருக்கும் கடிகாரத்திலும் எழுதிவைக்கும்படி ஒரு கட்டளை போட்டார். நெட்டும் இல்லாமல் கரண்ட்டும் போய் வந்தால்கூட, கணினி சரியான நேரத்தோடுதான் விழிக்கும். நான் அருகில் நின்று பார்த்தேன். அழகான வேலை. அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"இனி பேடிக்கவே வேண்டாம்ணே, ஒரு பயமும் இல்ல. நீங்க இல்லன்னாலும் சங்கு ஊதும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மேனேஜர் சார், ஐப்பசி முடிந்ததும் என்னை மேலே தடுப்பணைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். கம்பிவலையில் வந்து அடைக்கும் இலைதழையை வாரிப் போடும் வேலை. சம்பளம் அதேதான். ஆகவே வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அது உண்மை ஆகாது.

உண்மை இதுதான். நேரம் தானாக வர ஆரம்பித்த முதல் சில நாள் பெரியம்மா பழக்கதோஷத்தில் கேட்டார். நானும் கை தூக்கினேன். பிறகு ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. சங்கு ஊதியது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார், செபம் சொன்னார், ஏறி வந்தார். காப்பி ஊற்றும்போது, "என்ன பெரியம்மா, இப்பல்லாம் கேக்கிறதே இல்ல?" என்றேன்.

"என்னத்தக் கேக்க? அதான் அந்தப் புள்ள மிஷின வச்சிட்டுல்லா. இப்பத்தான்யா மனசுக்கு நிம்மதி. ஒனக்கும் பாடு மிச்சம்" என்றார்.

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காப்பி சூடாகத்தான் இருந்தது.

கை தூக்கிப் பழகியவன் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம், சார். நான் அந்த வாசலில்தான் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக இவர்களைக் கரை சேர்த்தேன், அது யாருக்காவது தெரியுமா என்று மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு. ஒரே ஒரு நாள் இந்த மிஷின் தடுக்கினால் போதும், ஆள் வேண்டும் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நினைப்பதற்கு உங்கள் சட்டத்தில் தண்டனை இல்லை என்று நம்புகிறேன்.

பிறகு அதைச் செய்தேன். ஆன்மேரி மேடம் உள்ளே எழுதச் சொல்லிப் போட்டிருந்த கட்டளையை எடுத்துவிட்டேன். கணினி விழிக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் வரும் திரையில் உள்ளே இருக்கும் கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் பின்னால் தள்ளிவைத்தேன். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நெட் இருக்கும்வரை திரையில் நேரம் துல்லியமாக இருந்தது. சங்கும் ஆறு மணிக்கே ஊதியது. உள்ளே இருக்கும் கடிகாரம் மட்டும் தன் தப்பை வைத்துக்கொண்டு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்து, நெட் வராமல் இருக்கும் ஒரு நாளுக்காக அது காத்திருந்தது. நான் காத்திருந்தேன் என்று எழுதினால்தான் சரி.

ஐப்பசி மழை எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில், பிறகு இடி, சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி தெளிவு. அன்றும் அப்படித்தான். இடியில் கரண்ட் போயிற்று. மரம் விழுந்து நெட் வயரும் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் மட்டும் வந்தது. கணினி விழித்தது. திரையில் பார்த்தேன், போனில் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் பிந்தி இருந்தது. நான் வைத்தது வைத்தபடி.

என் போனில் ஆறு மணி ஆனபோது சங்கு ஊதவில்லை.

அக்கரையில் இரண்டு பேர்தான் வந்து நின்றிருந்தார்கள். பெரியம்மாவும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு அந்த மாதம்தான் எஸ்டேட் வேலைக்கு வந்திருந்த அவர் மகள் டின்சியும். மற்ற பெண்களுக்குக் கடைசி எடை அன்று இழுத்துவிட்டது; பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அது மாதா செய்தது. நான் செய்தது இல்லை.

கொட்டகைச் சுவரில் கையால் சுற்றும் சங்கு ஒன்று ஆணியில் தொங்குகிறது. கரண்ட் இல்லாத நாளுக்காக. எழுந்து கையை நீட்டினால் எட்டும். கொட்டகையைப் பார்வையிட்டு மகஜர் எழுதும்போது நீங்கள்கூட அதைச் சுற்றிப் பார்த்தீர்கள்; நல்ல சத்தம் என்றீர்கள். அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை. நான் கையால் ஊதிவிட்டால், சங்கு நேரத்துக்கு ஊதியதாக ஆகிவிடும். மிஷின் தடுக்கியது யாருக்கும் தெரியாமல் போய்விடும். இவ்வளவு சிரமப்பட்டதும் வீண். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் என்பது சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு நிமிடமும் எழுந்திருக்க ஒரு வாய்ப்பு.

பிறகு, தண்ணீர் திறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது, சங்கு ஊதியது. அவர்கள் பாறைக்கு வந்தார்கள். முழங்கால் போட்டார்கள். செபத்தின் நடுவில் தண்ணீர் வந்தது.

டின்சியை ஒரு வேர் பிடித்துக்கொண்டது. கை முறிந்ததோடு போயிற்று. பெரியம்மாவை மறுநாள் காலை வளைவுக்குக் கீழே எடுத்தோம். நானும் சேர்ந்துதான் தூக்கினேன். அவர் எடை எனக்கு இப்போதும் தோளில் இருக்கிறது, சார். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. கட்டன் காப்பி வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறேன். நான் கல்நெஞ்சன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் முதல் காரியமாக நான் செய்தது என்ன தெரியுமா? அன்றே, நீங்கள் வருவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். எடுத்த கட்டளையை எடுத்த இடத்தில் போட்டேன். நெட் வந்தபிறகு நீங்கள் பார்த்த கணினியில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருக்கும் ஒரு கணினி தப்பாக ஊதியது என்றால், அதை அமைத்தவர்தானே பதில் சொல்ல வேண்டும்? மேனேஜர் சார் ஆன்மேரி மேடத்தின் பெயரைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஆன்மேரி மேடம் முந்தாநாள் என் கொட்டகைக்கு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. என்மேல் சந்தேகப்பட்டு வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நெட்டயும் கரண்ட்டயும் நிறுத்தி ஒரு தடவ சோதிச்சுப் பாத்திருக்கணும்ணே. ஒரே ஒரு தடவ. நான்தான் அந்தம்மாவக் கொன்னுட்டேன்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம்" என்றேன்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. பேட்டரி புதுசு. தளர்ந்திருந்தா நேரம் கண்டமேனிக்குப் போயிருக்கும். இது சுத்தமா பன்னெண்டு நிமிஷம். ஏன்ணே பன்னெண்டு?"

என்னைக் கேட்கவில்லை, சார். தனக்குள்தான் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இன்று வந்தேன்.

நீங்களும் உங்கள் ஆட்களும் எத்தனையோ கேட்டீர்கள். ஏன் பன்னிரண்டு என்று கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மிஷினை நம்ப முடியாது என்று காட்டுவதுதான் நோக்கம் என்றால், நான் இருபது நிமிடம் வைத்திருக்கலாம். சங்குக்கு முன்னால் தண்ணீர் வந்திருக்கும். பெண்கள் அக்கரையிலேயே நின்று, வாயில் கை வைத்து, அடப்பாவமே என்று பார்த்திருப்பார்கள். ஒருத்தர் காலும் நனைந்திருக்காது. மிஷினின் மானம் போயிருக்கும். எனக்கு என் வேலை திரும்பியிருக்கும். ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் அதேதான். சங்கும் ஊத வேண்டும், அவர்கள் பாறைக்கும் வர வேண்டும், அப்போது தண்ணீரும் வர வேண்டும் என்றால் அதற்கு இடம் கொடுக்கும் கணக்கு ஒன்றுதான். நான் அந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை. மனதில் போட்டேன். பாவாடை நனைந்தால் போதும், கொஞ்சம் பயந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆறு யாருடைய பாவாடையை மட்டும் நனைத்துவிட்டுப் போயிருக்கிறது? அதன் கரையில் பிறந்தவன் நான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் டின்சி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்களே, அதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கொட்டகையில் இருந்த அண்ணன் கையைக் காட்டி எச்சரித்தார், அம்மாதான் கவனிக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அடக்கத்தன்று கட்டுப் போட்ட கையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களால முடிஞ்சதச் செஞ்சீங்கண்ணே" என்றாள். லயத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஃபாதர்கூடப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னார். டின்சி வெளியூரில் இருந்தவள். எங்கள் பழைய வழக்கம் அவளுக்குத் தெரியாது.

நடந்தது இது. சங்கு ஊதி நின்றதும் டின்சி தன் போனை அம்மாவிடம் காட்டினாள். சங்கு பிந்தி ஊதியது என்று சொல்லியிருப்பாள். பெரியம்மா கல்லில் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நான் வாசலுக்கு வந்து நின்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையில் அந்த ஃபிளாஸ்க் இருந்தது. அதை டின்சியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"ஏ ரிஜினு, நேரம் சரிதானாய்யா?"

இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். போ போ என்று கையை விசிறியிருந்தால் போதும். சும்மா நின்றிருந்தால்கூட அவர் இறங்கியிருக்க மாட்டார். நான் வலது கையை உயரத் தூக்கினேன்.

அவர் முகம் தெளிந்தது. எனக்கு அது இக்கரையிலிருந்தே தெரிந்தது. சேலையைச் செருகிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

எத்தனை நாள் கழித்து அவர் என்னைக் கேட்டார், சார். ஆசையாக ஒருத்தர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது.